வீட்டுக்கு முன்னாடி ஒரு சீட்டு: டவுன் பேமென்ட்டின் 250 வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடையை வாசிப்புக்காகச் சற்றுச் சீர்செய்திருக்கிறோம்.)

போன மாசம் ஒரு நேயர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். வயசு 27, சென்னையில ஐ.டி. வேலை. அவர் கேட்டது இதுதான்: "மாசம் 18,000 வாடகை கட்டறேன். அந்தக் காசு போனா போனதுதான். அதுக்குப் பதிலா இ.எம்.ஐ. கட்டினா வீடாவது சொந்தமாகும் இல்லையா? பேங்க்ல இருந்து 'உங்களுக்கு லோன் ரெடி'ன்னு மெசேஜ் வேற வந்துக்கிட்டே இருக்கு. டவுன் பேமென்ட் மட்டும்தான் இடிக்குது. அதுக்கு ஒரு பர்சனல் லோன் போட்டுடலாமா?"

இந்தக் கேள்வியை நானும் என்னையே கேட்டிருக்கேன். அதே மெசேஜ் என் போனுக்கும் வருது. அதனால இதுக்கு ஒரு நிதி ஆலோசகர் மாதிரி பதில் சொல்லாம, நம்ம நிகழ்ச்சி வழக்கப்படி வரலாற்றில் போய்ப் பார்க்கலாம்னு நினைச்சேன். டவுன் பேமென்ட் எங்கிருந்து வந்தது? முதல்ல ஒரு தொகையை நாமே சேர்த்து வைக்கணும்னு யார் முடிவு பண்ணாங்க? தேடிப் போனா, கதை ஒரு சாராயக் கடையில தொடங்குது.

பர்மிங்காம், 1775

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரம். ஸ்னோ ஹில் என்கிற பகுதியில் கோல்டன் கிராஸ் என்று ஒரு மதுவிடுதி. அதை நடத்தியவர் ரிச்சர்ட் கெட்லி. தொழிற்புரட்சியின் ஆரம்ப காலம் அது. பொத்தான் செய்கிறவர்கள், பித்தளை வேலை செய்கிறவர்கள், கொல்லர்கள் என்று கைத்தொழிலாளர்கள் அந்த ஊரில் குவிந்துகொண்டிருந்தார்கள். கையில் ஓரளவு கூலி இருந்தது. ஆனால் ஒரு வீடு கட்டும் அளவுக்கு ஒருவரிடமும் மொத்தமாகப் பணம் இல்லை. அவர்களை நம்பிக் கடன் கொடுக்க வங்கியும் இல்லை.

அவர்கள் என்ன செய்தார்கள்? மாதாமாதம் கெட்லியின் கடையில் கூடினார்கள். ஆளுக்கு ஒரு தொகை போட்டார்கள். பணம் சேர்ந்ததும் ஒருவருக்கு வீடு. யாருக்கு முதலில் என்பதை இத்தகைய சங்கங்களில் பெரும்பாலும் குலுக்கல் போட்டோ, ஏலம் விட்டோ தீர்மானித்தார்கள். வீடு கிடைத்தவரும் மாதத் தவணையை நிறுத்தக்கூடாது. கடைசி ஆளுக்கு வீடு கிடைக்கிறவரை எல்லாரும் கட்டணும். கடைசி வீடு முடிந்ததும் சங்கத்தைக் கலைத்துவிடுவார்கள்.

கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? எனக்கு எங்க தெரு சீட்டுதான் ஞாபகம் வந்தது. குலுக்கல் சீட்டு, ஏலச்சீட்டு, சீட்டு எடுத்தவங்களும் கடைசி மாசம் வரைக்கும் கட்டறது, எல்லாம் அப்படியே இருக்கு. கெட்லி நம்மகிட்ட இருந்து கத்துக்கிட்டார்னு நான் சொல்ல வரல. ஒரே மாதிரி நெருக்கடியில இருந்த மனுஷங்க, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமலே ஒரே வழியைக் கண்டுபிடிச்சிருக்காங்க.

கணக்கு எப்படி ஓடியிருக்கும்னு ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 20 பேர். ஆளுக்கு மாசம் 1 பவுண்டு. ஒரு வீட்டுக்கு 120 பவுண்டு ஆகும்னு வெச்சுக்குவோம். 6 மாசத்துக்கு ஒரு வீடு. 20 வீடும் முடிய 10 வருஷம்.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. லங்காஷயரில் லாங்ரிட்ஜ் என்று ஒரு சின்ன ஊர். 1793-இல் அங்கே இப்படி ஒரு சங்கம் தொடங்கி, 1804 வரை வரிசையாக 20 கல்வீடுகள் கட்டியது. அந்த வரிசைக்குப் பெயரே 'கிளப் ரோ'. வீடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. 20 வீடு, 11 வருஷம். முதல் வீட்டுக்காரர் குடியேறினப்போ, கடைசி வீட்டுக்காரர் இன்னும் பல வருஷம் காத்திருக்கணும்னு தெரிஞ்சேதான் காசு போட்டிருக்கார். அந்தப் பொறுமையை நினைச்சுப் பாருங்க.

ஏன் அவ்வளவு தவிப்பு?

தலைக்கு மேல ஒரு கூரை என்கிறது மட்டும் காரணம் இல்லை. அன்றைய இங்கிலாந்தில் சொத்து இருந்தால்தான் ஓட்டு. வருஷத்துக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலம் சொந்தமாக இருந்தால் மாவட்டத் தொகுதியில் வாக்களிக்கலாம் என்று ஒரு பழைய விதி இருந்தது. 1847-இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் அதே பர்மிங்காமில் ஒரு நிலச் சங்கம் தொடங்கினார். பெரிய நிலத்தை மொத்தமாக வாங்கி, மனைகளாகப் பிரித்துத் தொழிலாளர்களுக்குத் தவணையில் கொடுப்பது அதன் வேலை. நோக்கம் வெளிப்படையானது: மனை கிடைத்தால் ஓட்டும் கிடைக்கும்.

ஆக, அந்த மாதத் தவணை ஒரு வகையில் குடிமகன் ஆகிறதுக்கான சந்தா. நம்ம ஊர்ல சொந்த வீடு இல்லாதவங்களை "இன்னும் செட்டில் ஆகலையா?"ன்னு கேட்கிறாங்களே, அந்தக் கேள்விக்குள்ள இருக்கிற கனமும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். சட்டம் இல்லைன்னாலும் மரியாதை வீட்டுப் பத்திரத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு.

முதல் கடன்காரர்

இந்த யோசனை இங்கிலாந்திலிருந்து போன நெசவுத் தொழில்காரர்கள் வழியாக அமெரிக்காவுக்குப் போனது. பிலடெல்பியாவை ஒட்டிய ஃப்ராங்க்ஃபோர்ட் என்ற இடத்தில், 1831 ஜனவரியில், ஆக்ஸ்ஃபோர்ட் பிராவிடன்ட் பில்டிங் அசோசியேஷன் தொடங்கியது. அதுவும் ஒரு மதுவிடுதியில்தான்!

அதன் முதல் கடன் கோம்லி ரிச் என்பவருக்குக் கிடைத்தது. தெருவிளக்கு ஏற்றுகிற வேலை செய்தவர். 375 டாலர் கடனில் ஒரு சின்ன வீடு வாங்கினார். அமெரிக்க வீட்டுக்கடன் வரலாற்றில் இந்தப் பெயர் இல்லாத புத்தகம் குறைவு. ஆனால் கதையின் அடுத்த பாதியை நிறைய பேர் சொல்வதில்லை. கோம்லி ரிச்சால் தவணையைத் தொடர்ந்து கட்ட முடியவில்லை. அமெரிக்காவின் முதல் வீட்டுச் சங்கத்தின் முதல் கடனே தடுமாறிவிட்டது. அப்போது அதே சங்கத்தின் இன்னொரு உறுப்பினர் கடனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, வீட்டையும் ஏற்றுக்கொண்டார். சங்கத்தின் கணக்கு கெடவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

'பெர்மனன்ட்' என்ற வார்த்தை

கெட்லி மாதிரியான சங்கங்களில் ஒரு சிக்கல் இருந்தது. நடுவில் ஒருவர் சேர வேண்டுமென்றால் விட்டுப்போன தவணை எல்லாவற்றையும் மொத்தமாகக் கட்டணும். வீடு வேண்டாம், சேமிக்க மட்டும் இடம் வேணும் என்கிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை. கடைசி ஆளுக்கு வீடு வந்ததும் மொத்த ஏற்பாடும் கலைந்துபோகும்.

1840-களில் இதற்கு ஒரு தீர்வு வந்தது. சேமிக்கிறவரையும் கடன் வாங்குகிறவரையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். சேமிக்கிறவருக்கு வட்டி கிடைக்கும். கடன் வாங்குகிறவர் வட்டி கட்டுவார். யார் எப்போது வேண்டுமானாலும் சேரலாம், விலகலாம். சங்கத்தைக் கலைக்கவே வேண்டாம். அதனால் அதற்குப் பெயர் 'பெர்மனன்ட்', அதாவது நிரந்தரச் சங்கம். 1853-இல் தொடங்கிய ஹாலிஃபாக்ஸ் சங்கத்தின் பெயரிலேயே இந்த 'பெர்மனன்ட்' இருந்தது. பிற்காலத்தில் பிரிட்டனின் மிகப் பெரிய வீட்டுக் கடன் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது அதுதான்.

இப்போ மயிலாப்பூருக்கு வாங்க. மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட். 1872-இல் தொடங்கினது. சென்னைக்காரங்க பல பேர் அந்தப் பேரைப் பார்த்திருப்பீங்க. "நிதி சரி, அது என்ன பெர்மனன்ட்?"னு நான் சின்ன வயசுல யோசிச்சிருக்கேன். அந்த வார்த்தை, நாம இவ்வளவு நேரம் பேசின கதையில இருந்து கப்பலேறி வந்தது.

மதராஸின் 'நிதி'கள் இரண்டு பக்கமும் வேர் உள்ளவை. ஒரு பக்கம் நம்ம ஊர் சீட்டு. இன்னொரு பக்கம் ஆங்கிலேயரின் வீட்டுச் சங்கம். உறுப்பினர்கள் மாதாமாதம் பணம் போடுவார்கள். நகையின் மேலோ வீட்டின் மேலோ உறுப்பினருக்கு மட்டும் கடன். மதராஸ் அரசு அதிகாரி ஃப்ரெடரிக் நிகல்சன் 1895-லும் 1897-லும் வெளியிட்ட தம் அறிக்கையில் இந்த நிதிகளைப் பற்றி விரிவாக எழுதினார். 1904-இல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அந்த அறிக்கை ஒரு முக்கியமான அடிப்படை. வீட்டுக்குப் பணம் சேர்க்கும் வழக்கத்தில் மதராஸ் யாருக்கும் பின்னால் இல்லை.

1906 அக்டோபர்

ஆனால் சேர்த்த பணத்தை எங்கே வைக்கிறோம் என்பது தனிக் கதை.

மதராஸில் அர்பத்நாட் என்று ஒரு வெள்ளைக்கார வணிக நிறுவனம். நூறு வருஷத்துக்கும் மேலான பெயர். நல்ல வட்டி. அரசு ஊழியர், வக்கீல், விதவை, ஓய்வு பெற்றவர் என்று எல்லாரும் அதில் பணம் போட்டார்கள். 1906 அக்டோபர் 22 அன்று அது கடையைச் சாத்தியது. ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்நாள் சேமிப்பு போனது. நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட் பின்னர் சிறைக்குப் போனார். அந்த அதிர்ச்சியில்தான், வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் முன்னின்று, உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று 1907-இல் இந்தியன் பேங்க்கைத் தொடங்கினார்கள்.

இதை நான் ஏன் சொல்றேன்? எங்க வீட்டுலயும் ஒரு 1906 நடந்தது. ஆனா வருஷம் 1998.

எங்க அம்மா 7 வருஷம் சீட்டு கட்டினாங்க. பக்கத்துத் தெரு அக்கா பிடிச்ச சீட்டு. ஒரு சீட்டு முடிஞ்சதும் இன்னொண்ணு. சீட்டு ஒரு தடவைகூட ஏமாத்தல. எடுத்த பணத்தையெல்லாம் சேர்த்து, "மனை வாங்கற வரைக்கும் சும்மா கிடக்க வேண்டாமே"ன்னு அப்பா ஒரு நிதி நிறுவனத்துல டெபாசிட் போட்டார். வட்டி வங்கியைவிட ரொம்ப அதிகம். அந்த வருஷங்கள்ல தமிழ்நாட்டுல அந்த மாதிரி பல நிறுவனங்கள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மூடினாங்க. எங்களுதும் மூடிச்சு. டெபாசிட்தாரர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாடு அரசு 1997-லயே தனிச் சட்டம் கொண்டுவந்திருந்தது. ஆனா எங்களுக்குத் திரும்பி வந்தது ரொம்பக் கொஞ்சம். அப்பா அம்மா அப்புறம் சொந்த வீட்டைப் பத்திப் பேசவே இல்லை. இன்னைக்கும் வாடகை வீடுதான்.

ஏழு வருஷம் தெரு சீட்டுல பத்திரமா இருந்த காசு, கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ்ல போச்சு. ஏன்? சீட்டு பிடிச்ச அக்காவை அம்மா தினமும் குழாயடியில பார்த்தாங்க. அவங்க வீட்டு நிலைமை என்ன, யார் தவணை தவறினாங்க, எல்லாம் தெரியும். அந்த ஆபீஸ்ல என்ன நடக்குதுன்னு அப்பாவுக்குத் தெரிய வழியே இல்லை. இதுக்காக எல்லாத் தெரு சீட்டும் பத்திரம்னு எடுத்துக்காதீங்க. சீட்டு பிடிச்சவர் ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டுப் போன கதை உங்க தெருவுலயும் ஒண்ணு இருக்கும்.

ரிட்டயர்மென்ட் வீடு

சுதந்திரத்துக்குப் பிறகு நடுத்தர வர்க்கத்துக்கு வீடு எப்படி வந்தது? உங்க தாத்தாவையோ பெரியப்பாவையோ கேட்டுப் பாருங்க. 58 வயசுல வந்திருக்கும். 1952-இல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம், அதாவது பி.எஃப். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1956-இல் வீடு கட்ட முன்பணத் திட்டம். 1961-இல் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம். 1972-இல் பணிக்கொடைச் சட்டம். இது எதுவும் கிடைக்காதவர்களுக்கு நகையும் சீட்டும் ஊரில் விற்ற நிலமும். பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து, கடைசியில் கட்டுவது என்பதே முறை.

இதை மாற்றியவர் எச்.டி. பாரேக். ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனத்தின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 1977-இல், 66 வயதில், தனிநபர்களுக்கு வீட்டுக் கடன் கொடுப்பதற்கென்றே எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கினார். சாதாரண சம்பளக்காரர் 20 வருஷம் ஒழுங்காகக் கட்டுவார் என்று அப்போது நம்பியவர்கள் குறைவு. 10 கோடி ரூபாய் பங்கு வெளியீடு முழுசாக விற்பனைகூட ஆகவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது: வீட்டில் வாழ வேண்டிய வயதில் வீடு இல்லாமல், ரிட்டயர் ஆனதும் வீடு கிடைத்து என்ன பயன்?

நான் இதில் பாரேக் பக்கம்தான். கடன் ஒரு கெட்ட விஷயம்னு சொல்ற எபிசோட் இல்லை இது. 30 வயசுல சொந்த வீட்டுல குழந்தையை வளர்க்க முடிஞ்ச தலைமுறை உருவானதுக்கு அவர் ஒரு பெரிய காரணம்.

மறந்துபோன ஒரு திட்டம்

இங்கே வரலாறு ஒரு சந்திப்பில் நிற்கிறது. அதே காலத்தில் இன்னொரு பாதையும் இருந்தது.

ஜெர்மனியில் ஊஸ்டன்ரோட் என்ற ஊரில் கேயோர்க் க்ரோப் என்பவர் 1921-இல் நண்பர்கள் சங்கமாகத் தொடங்கி, 1924-இல் அந்த நாட்டின் முதல் வீட்டுச் சேமிப்பு நிறுவனமாக்கினார். முறை இதுதான்: முதலில் சில வருஷம் மாதாமாதம் சேமி. இலக்கில் கிட்டத்தட்டப் பாதியைத் தொட்டதும், மீதியை முன்பே முடிவு செய்த வட்டியில் கடனாக வாங்கிக்கொள். 1952 முதல் அரசும் இந்தச் சேமிப்புக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. ஜெர்மனியில் இன்றும் இது நடக்கிறது.

இந்தியாவிலும் இது நடந்தது. 1988-இல் தொடங்கிய தேசிய வீட்டு வசதி வங்கி, 1989-இல் ஒரு வீட்டுக் கடன் கணக்குத் திட்டம் கொண்டுவந்தது. 5 வருஷம் சேமித்தால், அந்தச் சேமிப்பை வைத்துக் கடனுக்குத் தகுதி. இன்னைக்கு அதைப் பத்தி யாராவது பேசிக் கேட்டிருக்கீங்களா? 1990-களில் பொருளாதாரம் திறந்தது. 2000-க்குப் பிறகு வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு கடன் கொடுக்க வந்தன. வட்டி இறங்கியது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷமே கடன் கிடைக்கும்போது, 5 வருஷம் சேமித்துவிட்டு வா என்று சொல்கிற திட்டத்தை யார் சீண்டுவார்கள்? முதலில் சேமிப்பு, பிறகு கடன் என்று இருந்த வரிசை சத்தமில்லாமல் மாறிவிட்டது.

அந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது?

வரிசை முழுசாகத் தலைகீழானால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா 2008-இல் காட்டியது. கையிலிருந்து ஒரு டாலர்கூடப் போடாமல், வருமானத்துக்கு ஒழுங்கான சான்றுகூட இல்லாமல், பலருக்கு அங்கே வீட்டுக் கடன் கிடைத்தது. விலை இறங்கியதும், வீட்டின் மதிப்பைவிடக் கடன் பெரியதாக நின்றது. மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும்.

2010 இறுதியில் நம் ரிசர்வ் வங்கி, வீட்டின் மதிப்பில் இத்தனை சதவீதத்துக்கு மேல் வங்கிகள் கடன் கொடுக்கக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. இப்போது இருக்கிற விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். மீதி உங்கள் கையிலிருந்து வர வேண்டும்.

ஆக, நம்ம நேயரை "இடிக்குது" என்கிற டவுன் பேமென்ட், ஏதோ ஒரு பேங்க் மேனேஜரோட பிடிவாதம் இல்லை. கெட்லியின் கடையில தொடங்கின 'முதல்ல நீ போடு' என்கிற வழக்கத்துல மிச்சமிருக்கிற கடைசித் துண்டு அது. அதையும் பர்சனல் லோன்ல அடைச்சா, எந்த ஆபத்தைத் தடுக்க அந்த விதி வந்ததோ, அதே ஆபத்தைப் பின்வாசல் வழியா நாமே கூட்டிக்கிட்டு வர்றோம்.

நம்பரைப் பார்ப்போம்

60 லட்ச ரூபாய் வீடு. 80 சதவீதம்னா கடன் 48 லட்சம். கையில 12 லட்சம் வேணும். அது போதாது. தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். புது அடுக்குமாடி வீட்டோட முதல் விற்பனைக்குக் கொஞ்சம் குறைவான விகிதம் உண்டு. ஆனா பொதுவா இந்தச் செலவு கடன்ல சேராது. முழு விலைக்கும் கணக்குப் போட்டா 5 லட்சத்து 40 ஆயிரம். ஆக மொத்தம் 17 லட்சத்துக்கு மேல, ஃபேன் மாட்டறதுக்கு முன்னாடியே.

8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா, 48 லட்சத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 41,650 ரூபாய். முதல் மாசத் தவணையில 34,000 ரூபாய் வட்டிக்கே போயிடும். அசல்ல குறையறது 7,650 ரூபாய்தான். "வாடகை போனா போனது"ன்னு சொன்னார் இல்லையா? அந்த 34,000-மும் போனா போனதுதான். வாடகை வீட்டுக்குக் கொடுக்கிற வாடகை 18,000, கடனுக்குக் கொடுக்கிற வாடகை 34,000. இந்த வித்தியாசத்தைச் சரியா சொல்லிட்டு, அப்புறம் வீடு வாங்கினா தப்பே இல்லை.

20 வருஷத்துல மொத்தமா கட்டறது கிட்டத்தட்ட 1 கோடி. இதே வீட்டுக்கு இன்னும் 12 லட்சம் கூடுதலா சேர்த்து, 36 லட்சம் மட்டும் கடன் வாங்கினா, தவணை சுமார் 31,250. மொத்தம் 75 லட்சம். முன்னாடி சேர்த்த 12 லட்சம், பின்னாடி 25 லட்சத்தை மிச்சப்படுத்துது. வீட்டு விலை நடுவுல ஏறலாம், அது உண்மைதான். அதையும் சேர்த்துத்தான் முடிவு பண்ணணும். ஆனா காத்திருக்கிற வருஷம் வீணான வருஷம் இல்லை.

சங்கம் இல்லாத நாம

பழைய சங்கம் தன் உறுப்பினருக்கு மூணு விஷயம் செஞ்சு கொடுத்தது. இன்னைக்கு வங்கி கடன் மட்டும் கொடுக்குது. அந்த மூணையும் நாம தனியா செஞ்சுக்கணும்.

ஒண்ணு, பழக்கம். கெட்லியின் கடையில் மாதத் தவணை கட்டிப் பழகியவருக்குத்தான் வீடு வந்தது. நாம என்ன பண்ணலாம்? ஒத்திகை பார்க்கலாம். வரப்போற இ.எம்.ஐ. 41,650, இப்போ வாடகை 18,000. வித்தியாசம் 23,650. சம்பளம் வந்த அன்னைக்கே அந்தத் தொகையைத் தனிக் கணக்குல போட ஆரம்பிங்க. 3 வருஷத்துல வட்டி இல்லாமலே எட்டரை லட்சம். அதைவிட முக்கியம், 12 மாசம் தொடர்ந்து உங்களால போட முடியுதான்னு தெரிஞ்சிடும். முடியலைன்னா, பத்திரத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி தெரிஞ்சது நல்லதுதானே?

ரெண்டு, கண்காணிப்பு. யார்கிட்ட பணம் இருக்குன்னு சங்கத்துல எல்லாருக்கும் தெரியும். நமக்கு அந்த வசதி இல்லை, சட்டம் இருக்கு. கேரளாவில் பாலை சென்ட்ரல் வங்கி 1960-இல் விழுந்த பிறகு, 1962-இல் டெபாசிட் காப்பீடு வந்தது. இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை அந்தப் பாதுகாப்பு உண்டு. சீட்டு சேர்றதுன்னா, 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாளர் அனுமதி பெற்ற சீட்டான்னு பாருங்க. வீட்டுக்குச் சேர்க்கிற காசு பத்திரமா இருந்தா போதும், குட்டி போட வேண்டாம். எங்க அப்பா ரெண்டையும் ஒரே இடத்துல எதிர்பார்த்தார்.

மூணு, கைகொடுக்கிற ஆள். கோம்லி ரிச் ஞாபகம் இருக்கா? அவர் தடுமாறினப்போ இன்னொரு உறுப்பினர் வந்தார். நமக்கு வேலை போனா, உடம்பு சரியில்லாம போனா, வங்கியில இருந்து யாரும் அப்படி வர மாட்டாங்க. அந்த இன்னொரு உறுப்பினரையும் நாமதான் சேர்த்து வைக்கணும். குறைஞ்சது 6 மாச இ.எம்.ஐ., டவுன் பேமென்ட்டோட கலக்காம தனியா. 48 லட்சக் கடனுக்கு அது இரண்டரை லட்சம். எல்லாத்தையும் வழிச்சு டவுன் பேமென்ட்ல போட்டுட்டு, கையில ஒண்ணும் இல்லாம கிரகப்பிரவேசம் பண்ணாதீங்க.

நேயருக்கு என் பதில் இதுதான்: வீடு வாங்குங்க, ஆனா பர்சனல் லோன்ல தொடங்காதீங்க. உங்க முதல் இ.எம்.ஐ.யை உங்களுக்கே கட்டுங்க.

நான் 14 மாசமா அந்த ஒத்திகையில இருக்கேன். ரெண்டு மாசம் தவறியிருக்கு, மறைக்கல. போன வாரம் அம்மாகிட்ட கணக்கைக் காட்டினேன். மொத்தத் தொகை எவ்வளவுன்னு கேட்பாங்கன்னு எதிர்பார்த்தேன். அவங்க கேட்டது வேற: "எந்த இடத்துல போட்டிருக்க?" சொன்னேன். "வட்டி எவ்வளவு?" அதையும் சொன்னேன். கம்மிதான். கொஞ்ச நேரம் போனையே பார்த்துட்டு, "அப்போ சரி"ன்னாங்க.

உங்க வீட்டுல முதல் வீடு எப்படி வந்தது? சீட்டா, நகையா, பி.எஃப்.பா, ஊர் நிலமா? இல்லை, வராமலே போச்சா? பெரியவங்ககிட்ட கேட்டு எங்களுக்குக் குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.